ஒன்று புள்ளி பூஜ்யம் ஆறு

கூண்டுக்குள் எண்பதாயிரம் சால்மன்.
இருபதை அள்ளி நிறுத்து
மிச்சத்தின் எடையை எழுதுகிறேன்.
பானைக்கு ஒரு சோறு;
எனக்குச் சம்பளம் இதற்குத்தான்.
சில வாரம் வலையில் சோம்பேறிகள் மட்டும் சிக்கும்.
எழுதியது எழுதியதுதான். தீவனப் படகு
அந்த எண்ணை நம்பிக் கிளம்பிவிடும்.

அதனால் யோக்குப் தன் தாளை விரித்தபோது
எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் தங்கை கணவன்,
துடுப்புப் படகுச் சங்கத்தின் கணக்கன்.
ஜூலையில் தோர்ஸ்ஹவ்னில் அரை மாரத்தான் என்றால்
மே மாதமே வீடு வீடாக ஏறுவான்:
"கடைசியாக என்ன ஓடினாய்?"
புதுத் தூரத்தைப் பழைய தூரத்தால் வகு.
ஒன்று புள்ளி பூஜ்யம் ஆறின் அடுக்குக்கு உயர்த்து.
பழைய நேரத்தால் பெருக்கு.
மனிதக் களைப்பு மொத்தமும்
கடைசியில் நிற்கும் அந்த ஆறுக்குள் இருக்கிறதாம்.
"தூரம் இரட்டித்தால் நேரமும் இரட்டிப்பதோடு நிற்காது, தூரி.
கொஞ்சம் வட்டி விழும்."

என்னிடம் இரண்டு எண்கள் இருந்தன.
இரவுப்பணி முடித்து, பூட்ஸின் ஈரம் விரலிடுக்கில் காயாமல்,
துறைமுகச் சுற்றில் ஐந்து கிலோமீட்டர்:
இருபத்துமூன்று ஐம்பது.
பிறகு ஏப்ரல் கடைசியில் பத்து.
வடமேற்குக் காற்று முதுகில் கைவைத்துத் தள்ளிய பத்து.
நாற்பத்தேழு பன்னிரண்டு.

யோக்குப் பேனா மூடியைக் கடித்தபடி பெருக்கினான்.
காற்றை நம்பினால் ஒரு மணி நாற்பத்துநான்கு.
காலை நம்பினால் ஒரு மணி நாற்பத்தொன்பதரை.
நடுவில் கிடந்த ஐந்தரை நிமிடத்தில்
பாதி என் தூக்கம், பாதி வானிலை.

"உன்னுடையது?"

"ஒன்று முப்பத்தொன்று."
அதற்குப் பேனா தேவைப்படவில்லை.

"எதிலிருந்து?"

"பத்து, நாற்பத்தொன்று பதினைந்து."

"எப்போது?"

கெட்டில் கொதிக்கிறதா என்று பார்க்க எழுந்துபோனான்.

நான் எண்ணிப் பார்த்தேன்.
அந்த நாற்பத்தொன்று பதினைந்தின்போது
அவன் முழங்காலில் இன்னும் கத்தி படவில்லை.
அவன் மகள் பிறந்திருக்கவில்லை;
இப்போது ஆறு பேர் படகில் அவள் இரண்டாம் துடுப்பு.
அவனுடைய வாய்ப்பாட்டில் தூரத்துக்குக் கட்டம் உண்டு,
நேரத்துக்குக் கட்டம் உண்டு.
தேதிக்கு இல்லை.

காபி கொண்டுவந்தான். நான் ஒன்றும் கேட்கவில்லை.

ஜூலை. மூடுபனி. பரோயே தீவுகளில் தட்டைச் சாலை ஏது?
ஏற்றத்தின் உச்சியில் மூன்று ஆடுகள்
எங்களை எண்ணுவது போல நின்றன.
பதினாறாவது கிலோமீட்டரில் வளைகுடாவைத் திரும்பியதும்
காற்று முகத்துக்கு வந்து
ஏப்ரலில் கொடுத்ததைத் திருப்பிக் கேட்டது.
கொடுத்தேன்.
ஒன்று நாற்பத்தெட்டு ஐம்பத்திரண்டு.

யோக்குப் வரவில்லை.
ஒன்று முப்பத்தொன்று எப்போதோ கடந்திருந்தது.
இரண்டும் கடந்தது.
வாழைப்பழப் பெட்டிகளை வேனில் ஏற்றினார்கள்.
நேரம் பதியும் பாயைச் சுருட்ட
ஒரு பையன் குனிந்தான்.
சுன்வா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்:
"இன்னும் ஒருத்தர் இருக்கிறார்."
எத்தனை மணி நேரத்தில் முடிப்பார் என்று கேட்டான்.
அவள் என்னைப் பார்த்தாள்.
எண்பதாயிரத்தை எடை போடுகிறவள், நான்
ஒருவனுக்குச் சொல்லத் தெரியாமல் நின்றேன்.

பனிக்குள்ளிருந்து முதலில் அந்த நொண்டல் வந்தது,
பிறகு சட்டையின் மஞ்சள்,
பிறகு அவன்.
இரண்டு முப்பத்தேழு பத்து.

கட்டிப்பிடிக்கப் போன மனைவியிடம்
பேனா கேட்டான்.
காலை நீட்டி ஈரத் தரையில் உட்கார்ந்து
மார்பு எண்ணைக் கழற்றித் திருப்பிப்போட்டுப் பெருக்கினான்.
"முழு மாரத்தான்,
ஐந்து இருபத்தேழு நாற்பத்தொன்று," என்றான்,
பருவத்தின் முதல் மீனைத் தூக்கிக் காட்டுகிறவன் போல.
மூலையில் தேதி போட்டான்.
அடியில் ஒரு கோடு.

பிறகு பாயைச் சுருட்டிக்கொண்டிருந்த பையனிடம் திரும்பி,
"தம்பி, நீ கடைசியாக என்ன ஓடினாய்?"